இரண்டு மணித்தியாலம்

ஒன்பது புள்ளி இரண்டு.
தாளைத் திருப்பிக் காட்டினாள் மருத்துவச்சி ஹைக்கே.
உனக்குப் பதினேழு,
நீயே இன்னும் வளர்கிறாய்,
ஒரே இரத்தத்துக்கு இரண்டு பேர் போட்டி என்றாள்.

யன்னலுக்கு வெளியே
வூப்பர் ஆற்றின் மேல்
தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கியபடி போனது ரயில்.
இந்த ஊரிலா இரும்புக்குப் பஞ்சம்?

மாத்திரையைத் தோடம்பழச் சாறோடு விழுங்கு.
தேத்தண்ணி மட்டும் வேண்டாம்,
இரண்டு மணித்தியாலத்துக்கு.

எப்படிச் சொல்வேன் ஹைக்கே,
பத்தொன்பது நாளாய் அம்மா என்னோடு பேசுவது
அந்தக் கோப்பையால் மட்டும்தான்.
மேசையில் டொக்கென்று வைப்பாள்,
போய்விடுவாள்.
சீனி மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

இன்று பின்னேரம்
கோப்பையைத் தள்ளி வைத்தேன்.
ஆடை படர்ந்தது.
இரும்பைச் சேர விடாதாம், என்றேன்
சுவருக்குச் சொல்வதுபோல.
ஆறிப்போனதை எடுத்து
நின்றபடியே தான் குடித்தாள்,
ஒரு சொல் இல்லை.

பிறகு குசினியில்
பருப்போடு கீரை அவியும் மணம்.
எலுமிச்சை வெட்டும் சத்தம்.
நான் கணக்குப் பாடத்தில் தலை கவிழ்ந்திருக்க,
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு
மணிக்கூட்டிடமே கேட்டாள்:

"ரெண்டு மணித்தியாலம் ஆச்சோ?"