ஒன்பது அங்குலத் தட்டு

மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
தாங்ஸ்கிவிங் திங்கள். பத்து மணிக்கு வருவார்கள்.
ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.
எட்டு மணித்தியாலம். ஒரு ஷிஃப்ட்.

மட்டன் ரோல்ஸ் பன்னிரண்டு,
மார்க்கம் வீதிக் கடையில் சொல்லியாச்சு, திங்களும் திறப்பார்கள்.
நிலவனுக்கு உறைப்பு ஆகாது என்றேன்.
"உறைப்பில்லாட்டி அது என்னத்துக்கு அண்ணை?"
என்றான் கடைக்காரப் பெடியன்.
ஆகவே நிலவனுக்குச் சுட்ட கோழி,
சுப்பர்மார்க்கெட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள்
சுழன்றுகொண்டிருப்பது. ஞாயிறே வாங்கிவிட வேண்டும்.
வான்கோழியும் வாங்கலாம்தான்.
மூன்று பேருக்கு ஒரு வான்கோழி என்றால்
மிச்சத்தோடு நான் நத்தார் வரை இருக்க வேண்டும்.
இடியப்பம் முப்பது, சொதி ஒரு பெட்டி.
உருளைக்கிழங்கு மசியல், தூள் பக்கெற். சுடுதண்ணி போதும்.
கிரான்பெரி, ரின். ரின்னின் வரிகளோடு அப்படியே
வழுக்கி விழுமே, அது ஆரபிக்குப் பிடிக்கும்.
சாப்பிட மாட்டாள். விழுவதைப் பார்ப்பாள்.

கடைசி வரி: பை.
பக்கத்தில் கடையின் பெயர் இல்லை.

தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான்.
சாமான் கொண்டுவருவதும் பை.
கார்க் கதவடியில் பிள்ளைகள்
சொல்லிவிட்டு இறங்குவதும் பை.

வதனி போனில் கேட்டாள்,
"என்ன குடுக்கப் போறீங்கள்?"
"எல்லாம் ஓடர் பண்ணியாச்சு. பை மட்டும் நான் செய்யிறன்."
அந்தப் பக்கம் ஒரு கரண்டி விழுந்த சத்தம்.

நான் வேலை செய்யும் இடத்தில்
மணிக்கு ஆயிரத்து இருநூறு பை
பெல்ட்டில் வரிசையாக வரும்.
நாலு வருடமாக அவற்றைப் பார்ப்பதுதான் வேலை.
விளிம்பு உடைந்தால், வட்டம் பிசகினால்
கை தானாக நீளும்.
எடுத்துத் தொட்டியில் போடும்.
சட்டையிலும் கார் சீற்றிலும் கறுவா மணக்கும்.
"எங்கட அப்பா பை செய்யிறவர்" என்று
ஆரபி வகுப்பில் சொன்னாளாம்.
நான் மறுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை சுப்பர்வைசர்
ஆளுக்கு இரண்டு பெட்டி தந்தார்.
ஃப்ரீசரில் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

ஞாயிறு இரவு.
பூசணி ரின், முட்டை, ரின்பால், இஞ்சித்தூள்,
கராம்பு கொஞ்சம்.
கொஞ்சத்துக்கு மேலேயே விழுந்துவிட்டது.
மா குளிராக இருக்க வேண்டுமாம்.
ஒக்டோபர் ஸ்காபரோவில், பேஸ்மெண்டில்,
அதற்கு என்ன குறை.
ரொட்டிக்குக் குழைப்பதுபோல் அடித்துக் குழைத்தேன்.
அப்படிக் குழைக்கக் கூடாதாம்.
அதைப் பிறகுதான் வாசித்தேன்.

இருப்பது பாண் வாட்டும் சின்ன அவண்.
தட்டு ஒன்பது அங்குலம்.
கதவு மூடவில்லை.
மேல்வீட்டு மிஸஸ் கோர்டெய்ரோவிடம் கேட்கலாம்.
பதினொன்றரை. மேலே நடமாட்டம் இல்லை.
அலுமினியத் தட்டுத்தானே,
இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல நெரித்தேன்.
முனகிக்கொண்டு வளைந்தது.
ஒரு கரண்டியளவு சிந்தியது. கதவு மூடியது.

ஒன்றேகாலுக்கு வெளியே எடுத்தேன்.
முட்டை வடிவம்.
ஒரு கரை தடிப்பு, மறு கரை மெலிவு.
நடுவில் இன்னும் ஆடுகிறது.
ஆறினால் இறுகும் என்று ரின்னில் எழுதியிருக்கிறது.
மேசையில் வைத்துப் பார்த்தபடி நின்றேன்.
கை நீண்டது.
விளிம்பு சுட்டது.
எடுத்துவிட்டேன்.

தடித்த கரையை இரண்டாக வெட்டலாம்.

பில்லின் மூலையில் கொஞ்சம் இடமிருக்கிறது:
முள்ளுக்கரண்டி இரண்டுதான்.
சுப்பர்மார்க்கெட் நாளை பூட்டு.
பரவாயில்லை.
நான் கையால் சாப்பிடுவேன்.