மேற்கு முடிச்சு

அந்தோப் ஹில், மே கடைசி.
நான்காம் மாடித் தகரத்தின் மேல்
நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறோம்.
கிழக்கே ஒற்றை முடிச்சு.
தென்மேற்கு மூலைக்கு மட்டும் மூன்று,
அதன்மேல் இரண்டு செங்கல்.

ஏன் அங்கே மட்டும், என்கிறான் ராம்சுமேர்.
அவனுக்கு இது முதல் பம்பாய் மழை.

ஓடும் லோக்கலிலிருந்து சயானில் இறங்கினாயே,
நேரே பிளாட்பாரத்தில்தானே கால் வைத்தாய்?
வண்டி விடவில்லை.
நாலடி முன்னால் ஓடித்தான் நின்றாய்.

காற்றும் அப்படித்தான்.
மடகாஸ்கருக்கு அப்பால் கிளம்பும்போது
அதற்கு இந்த மூலை தெரியாது.
ஆப்பிரிக்காவைப் பார்த்துத்தான் புறப்படுகிறது.
நடுக்கோட்டில் பூமிக்கு ஓட்டம் அதிகம்;
வடக்கே வர வர
தரை நிதானமாகிவிடுகிறது.
காற்றின் உடம்பில் மட்டும்
பழைய வேகம்.
யாரும் திருப்பாமலே
கிழக்கே சாய்ந்து,
கடலைக் குடித்துக்கொண்டு,
தடுமாறி
இந்தத் தகரத்தில் வந்து இறங்கும்.

எங்கள் பக்கம் மேல்காற்றின் பழைய பெயர்
கோடை.
மலை தாண்டி வரும், சொட்டு ஈரம் இருக்காது.
இங்கே அந்தப் பெயரைச் சொன்னால்
சிரிப்பார்கள்,
நனைந்துகொண்டே.

ராம்சுமேர் பதில் பேசவில்லை.
கீழே இறங்கிப் போய்
இன்னொரு செங்கல் கொண்டுவந்தான்.