குயில்மடு

பவானிசாகர் தாண்டியதும் ஃபோன் செத்துப்போனது.
லேபிலிருந்து வந்த கடைசிச் செய்தி
"அண்ணா, அந்த நேவி இன்னும் செவப்படிக்கு"
என்பதோடு நின்றிருந்தது.

மாயாற்றில் இடுப்பளவுத் தண்ணீர்.
முன்னால் பத்ரன், இருபத்தாறு வயது,
செருப்பைக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான்.
பின்னால் ஐம்பத்திரண்டு வயதில் நான்.
பதினெட்டாயிரம் ரூபாய் பூட்ஸுக்குள் ஆறு புகுந்து
அடிக்கொரு தவளை கத்தியது.

"முதலைங்க அந்தத் திட்டுல வெயில் காயும்.
இந்நேரத்துக்கு இங்க வராது."
எந்நேரத்துக்கு வரும் என்றேன்.
"அதுக்கு யாருங்க வாட்ச் வாங்கிக் குடுத்தா?"
மிச்ச ஆற்றை வேகமாகக் கடந்தேன்.

இருபத்தெட்டு வருஷமாக நிறம் சேர்க்கிறவன்.
துணித்துண்டைச் சன்னல் பக்கம் பிடித்து
"மஞ்சள் ஒரு பொட்டுக் கம்மி" என்று நான் சொன்னால்
திருப்பூரில் நாலு டன் பனியன் துணி
மறுபடி கொப்பரைக்குப் போகும்.
இந்த மடுவின் நிறத்தைப் பார்த்தேன்.
பச்சை என்று வாய் வரைக்கும் வந்தது.
விழுங்கிவிட்டேன்.
உங்க ஊர் ஆறு எப்படிங்க என்று அவன் கேட்டான்.
தூண்டிலில் சிக்கு விழுந்தது போல
நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறைமேல் நின்று வீசக் கற்றேன்.
பின்னால் போனதும் நூலுக்கு ஒரு மூச்சு விடணும்,
அது முழுசாக நீண்ட பிறகுதான் முன்னால்.
எனக்கு அந்த ஒரு மூச்சுதான் வரவில்லை.
"மருதமரத்தைப் பாக்காதீங்க,
பாத்தா அங்கதான் போகும்."
பார்த்தேன்.
மூன்று முறை ஏறி எடுத்து வந்தான்.

அப்புறம்தான் அந்த டப்பாவைத் திறந்தேன்.
ஸ்காட்லாந்திலிருந்து கூரியரில் வந்த பொய்ப்பூச்சி.
முள்ளைச் சுற்றிக் கறுப்புப் பட்டு,
இரண்டு பக்கமும் ஒவ்வோர் இறகு,
இறகு நெடுக மெழுகு சொட்டியது போல
வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுகள்.
எந்தச் சாயத்திலும் நான் பிடிக்க முடியாத மஞ்சள்.

பத்ரன் விரலில் வைத்துத் திருப்பினான்.
"இது நம்ம காட்டுக்கோழிக் கழுத்துங்க."

இருக்காது, அங்கே கூண்டில் வளர்க்கிறார்கள் என்றேன்.
"அப்ப அது காட்டையே பாத்திருக்காது."
சொல்லி முடிக்கவும் எதிர்க்கரை மூங்கிலுக்குள்ளிருந்து
கரகரத்த குரலில் ஒரு சேவல்,
நாலு துண்டாக ஒடித்து ஒடித்துக் கூப்பிட்டது.
என் பெட்டியில் இருப்பதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

குயில் என்றுதான் இங்கே அந்த மீனுக்குப் பெயர்.
பறவையின் இறகைக் கட்டி
பறவைப் பெயர்கொண்ட மீனை ஏமாற்ற
பாறைமேல் நின்றோம் இருவரும்.
"கிடைச்சா மொதல்ல கையை நனைச்சுக்கோங்க.
காஞ்ச கை பட்டா அதுக்குத் தோல் எரியும்."

குனிந்து கையை முக்கினேன்.
நகக்கண்ணில் போன வாரத்து டர்க்காய்ஸ்.
ஆறு அதை வாங்கிக்கொள்ளவில்லை,
கழுவவும் இல்லை.

சேவல் மறுபடி கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தேன்.
அந்த ஒரு மூச்சு தானாக நின்றது.
நூல் பின்னால் முழுசாக நீண்டு, முன்னால் போய்
சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

தண்ணீர் மடங்கியது. அவ்வளவுதான் கண்டேன்.
தங்கநிறத்தில் ஒரு பக்கம்,
என் உள்ளங்கை அகலச் செதில்கள்,
சக்கரம் அலறிய அலறலில்
திட்டிலிருந்த முதலை தண்ணீருக்குள் இறங்கியது.
பத்ரன் என்னமோ கத்தினான்.
பிறகு கையில் கனமே இல்லை.

காற்றில் நெளிந்துகொண்டிருந்தது அறுந்த முனை.

தெங்குமரகடா பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது
வனத்துறைச் சீட்டை முழங்கால்மேல் வைத்து நிரப்பினான்.
பெயர், ஊர், பிடித்தது, விட்டது.
"பிடிச்சதுல என்னங்க போடறது?"
இல்லை என்று போடு.
"விட்டதுல?"
பேனாமூடியைக் கடித்தபடி
எதிர்க்கரையையே பார்த்திருந்தான்.
என்னவோ எழுதினான், என்னிடம் காட்டாமல் மடித்தான்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா
முருங்கைக்கட்டை நகர்த்தி வைத்து
என் வலது கையை முறைத்தாள்.
அது தன்பாட்டுக்குப் பின்னால் போய்
நிற்கவேண்டிய இடத்தில்
நின்று
முன்னால் வந்துகொண்டிருந்தது.