கச்சானுக்கும் கொண்டலுக்கும் நடுவே

பதினொரு ரியால் சைக்கிள்.
விற்றுவிட்டு நேபாளம் போன காவலாளி
மணி அடிக்காது என்று சொல்லவில்லை.
கல்லில் ஏறினால் தானாக அடிக்கும் என்றும்
சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. பிப்ரவரி.
போர்வைக்கு வெளியே ஒரு காலை மட்டும் விட்டு
இன்னாசிமுத்து தூங்குகிறான்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சஹம் ரவுண்டானாவில் யாருமில்லை;
மூன்று முறை சுற்றினேன், சும்மா.
பிறகு எங்கள் பிளாக் கம்பெனி கேட்டை
கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோல்
தலையைக் குனிந்து கடந்தேன்.
வாரத்தில் ஆறு நாள்
சிமெண்டு மூட்டைகளை எண்களாக மாற்றி
அதற்குள்ளே அடுக்குகிறவன் நான்.

அப்புறம் தோட்டங்கள்.
சுவர் உள்ள இடத்தில் சுவருக்கு மேல் எலுமிச்சை,
இல்லாத இடத்தில் சாலைவரை குதிரைமசால்.
தெளிப்பான் ஒரு சுற்று வரும்போதெல்லாம்
பாதிச் சாலையும் என் வலது முழங்காலும்
நனைகின்றன.
புல்லறுக்கும் வங்காளத்துப் பையன்
அரிவாளைத் தூக்கி ஸலாம் சொன்னான்.
பதிலுக்கு நான் மணியை அழுத்த,
அது பேசாமல் இருந்து
பத்தடி தள்ளி ஒரு பள்ளத்தில் சொன்னது.

மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.
பேரீச்சை மட்டைகளெல்லாம் கடலைப் பார்த்துச் சாய,
என் சட்டை எனக்கு முன்னால் உப்பிக்கொண்டு போக,
நாற்பத்து மூன்று வயதில்
தொடையில் இவ்வளவு பலமா என்று
ஒரு கிலோமீட்டர் தூரம்
மனதார நம்பினேன்.

வேகத்தடையில் ஒரு பிக்கப் என்னோடு சேர்ந்துகொண்டது.
பின்னால், மண்டியிட வைத்துக் கட்டிய ஒட்டகம்.
அதன் முகம் என் முகத்துக்கு நேராக,
கைக்கெட்டும் தூரத்தில்.
இருவரும் ஒரே வேகம்.
அசைபோட்டபடி அது என்னைப் பார்த்த பார்வை
மார்ச் மாதம் வரும் ஆடிட்டர் பார்வை.
நானே முதலில் கண்ணைத் திருப்பினேன்.

கரையில் வலை ஏறியிருந்தது.
ஒரு ரியாலுக்குப் பை நிறையச் சாளை அள்ளிக் கொடுத்த
கல்ஃபான்,
நான் கிளம்புவதைப் பார்த்து
'ஷ்வை, ஷ்வை' என்றான்.
உள்ளங்கையைக் கடல் பக்கம் நீட்டினான்,
பிறகு புரட்டிக் காட்டினான்.
மீன் தீர்ந்துவிட்டது என்கிறான் என நினைத்து
தலையாட்டிவிட்டு ஏறினேன்.

திரும்பும்போது தெரிந்தது
வரும்போது மிதித்தது யார் என்று.
கடனாய் வாங்கிய காற்றுக்கு
வட்டியும் முதலுமாய் வசூல்.
கண்ணில் மண், வாயில் மண்,
ஹேண்டிலில் தொங்கும் சாளை
ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் ஓர் அறை.
பம்பு செட் அருகே இறங்கித் தள்ளினேன்.
அரிவாள் பையன் பார்க்காததுபோல் பார்த்தான்.

அப்போது நின்றது.

தார்ப்பாயின் படபடப்பு பாதியில் விட்டது.
மட்டைகள் நிமிர்ந்தன,
எந்தப் பக்கமும் சாயவில்லை.
தெளிப்பான் நீர் போன இடத்திலேயே நேராக விழுந்தது.
என் மூச்சு யாரோ பக்கத்தில் நின்று விடுவதுபோல்
கேட்டது.
ஒரு நிமிடம் இருக்குமா? இரண்டு?
எந்தப் பத்தியிலும் எழுத முடியாத நேரம்.
அதில் வரவு இல்லை, செலவு இல்லை,
ஒரு பை மீன் மட்டும் இருந்தது.

பிறகு பிடரியில் ஈரமாய் ஒரு தொடல்.
உப்பு வாசனை.
கல்ஃபானின் கை புரண்டது
எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தர்மபுரிக்காரனுக்குக் காற்று என்றால் காற்று.
இன்னாசிமுத்துவுக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு,
மணப்பாட்டுத் தம்பியிடம் போனில்
பணத்தைப் பற்றிக் கேட்குமுன்
அதைத்தான் கேட்பான்.

கதவைத் திறந்ததும்
கண்ணுக்கு முன்னால் அவன் மூக்கு விழித்தது.
'சாளையா?' என்றான்.
பிறகு,
'கொண்டல் எழும்பிருச்சா?'

நானே பின்னால் கட்டி இழுத்து வந்ததுபோல
ஆமாம் என்றேன்.

கத்தியைத் தேடினோம்.
வழக்கம்போல
பக்கத்து அறைக்குப் போயிருந்தது.