ஐந்தில் ஒன்றைத் தொடுக

‘நினைத்த நேரத்தில் படிக்க முடிவது எனக்கு உதவுகிறது.’
முழுதும் உடன்படுகிறேன். உடன்படுகிறேன். கருத்தில்லை.
உடன்படவில்லை. முழுதும் உடன்படவில்லை.
ஐந்து வட்டம். மேடத்தின் ஆய்வுக்காம்,
ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும்.

மணி பதினொன்றரை. எடையூர் கொள்முதல் நிலையம்.
ஈரப்பதம் இருபத்தொன்று என்று பகலில் திருப்பப்பட்டவர்கள்
குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார்கள்.
நான் பில் எழுதுகிறேன், சீசனுக்கு மட்டும்.
மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே
காஸ்ட் அக்கவுண்டிங், ஒன்றரை மடங்கு வேகத்தில்.

ஒன்றரை மடங்கில் ரஹ்மத்நிஷா மேடம்
யாரையோ திட்டுவது போலிருக்கும்.
நேரில் திட்டிப் பார்த்ததில்லை.
நேரில் பார்த்ததே ஆறேழு தடவை.

வருகைப் பதிவு தொண்ணூற்று நான்கு சதவீதம்.
நான் தூங்கிய பாடங்களும் அதில் சேர்த்தி.
வீடியோ ஓடி முடிந்தால் ஆப் பச்சை டிக் போடும்,
கண் திறந்திருந்ததா என்று கேட்காது.
மதிப்பெண் நாற்பத்தொன்று.
செண்பகவல்லிக்கு எண்பத்தெட்டு.
அதே ஆப், அதே மேடம்.
அவள் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு.

குறை சொல்லவில்லை.
எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் படிப்பு என்றிருந்தால்
முதல் வருடத்தோடு நின்றிருப்பேன்.
முறைத் தண்ணீர் மாதிரிதான் இது.
நம் முறைக்கு நாம் வாங்கிக்கொள்ளலாம், எவரும் மறிக்கவில்லை;
கடைமடைக்கு வந்து சேர ராத்திரி இரண்டு ஆகும்,
மண்வெட்டியோடு விழித்திருக்கணும்,
அவ்வளவுதான்.

பதினான்காம் பாடம். ஒரு கணக்கு பிடிபடவில்லை.
வேகத்தை ஒன்றுக்குக் குறைத்தேன்.
மேடத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது.
‘ஒரு நிமிஷம்’ என்று எழுந்து போனார்.
காலி நாற்காலி. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால்,
பகலாக இருக்க வாய்ப்பில்லை, ஜன்னல் கறுப்பு.
தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரும்பி வந்தவர் விட்ட இடத்தை மறந்து
அதே கணக்கை முதலிலிருந்து போட்டார்.
இந்த முறை புரிந்தது.

படிவத்தில் கடைசிப் பெட்டி:
‘வேறு ஏதேனும் கூற விரும்பினால்.’
குழந்தைக்கு இருமல் நின்றதா மேடம், என்று
எழுத ஆரம்பிக்கையில் லாரிப் பக்கமிருந்து குரல்:
‘பாப்பா, இருநூத்திப் பன்னெண்டு, போட்டுக்க!’

போட்டுவிட்டேன், அந்தப் பெட்டிக்குள்ளேயே.
கை பழக்கத்தில் அனுப்பியும் விட்டேன்.
‘நன்றி, உங்கள் கருத்து பதிவானது.’

முதல் கேள்விக்கு எந்த வட்டத்தைத் தொட்டேன் என்று
இப்போது நினைவில்லை.