வாய் மேலே இருக்க வேண்டும்

டிசம்பரில் முழங்கால் நீரில்
வேளச்சேரியைத் தாண்டியபோது போனது
பழைய சைலன்சர்.
உடனே இல்லை. உள்ளேயிருந்து அரித்து அரித்து
பிப்ரவரியில் ஒரு நாள்
கிண்டி சிக்னலில் இருமியது.
பக்கத்து ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார்:
“ஓட்டை மேடம். ரெண்டு விரல் போவும்.”

மலைக்கென்று வாங்கிய வண்டி.
மலை பார்த்தது ஒரே தடவை, ஏலகிரி.
மற்றபடி அது ஏறி இறங்கியதெல்லாம்
மெட்ரோ தோண்டிப் போட்ட மேடு,
மூடி இல்லாத மழைநீர்க் கால்வாய்,
ஆற்காடு சாலை என்று பெயர்கொண்ட
ஒரு நிலப்பகுதி.

புதுப்பேட்டையில் இத்ரீஸ்
சாக்கை விரித்து மூன்றை எடுத்து வைத்தான்,
மீன் வைப்பதுபோல.

ஒன்று கம்பெனிச் சாமான்.
ஐந்து கிலோ. போர்வைக்குள்ளிருந்து பேசும்.
விலையைக் கேட்டதும்
எனக்குத்தான் பேச்சு நின்றது.

இன்னொன்று
டைட்டானியம் என்று எழுதிய இரும்பு.
காந்தத்தை வைத்தேன், கட்டிக்கொண்டது.
இத்ரீஸ் காந்தத்தைக் குறை சொன்னான்.

மூன்றாவது எங்கோ விழுந்த வண்டியில் கழற்றியது.
வயிற்றில் ஒரு நெளிவு.
விழுந்தது யார், எழுந்தாரா, கேட்கவில்லை.
நல்ல எஃகு. வாய் மேல்நோக்கி.
இந்த ஊரில் அது முக்கியம்,
நவம்பரில் மூச்சுவிட வேண்டும் அல்லவா.
வாய்க்குள் விரல் நீளத்தில் ஒரு குட்டிக் குழாய்,
ஒரே ஒரு போல்ட்டின் தயவில்.
“அத்த கயட்டிட்டா கெத்து மேடம்,
தெருவே திரும்பும்.”

தெரு திரும்புவது எனக்குத் தெரியும்.
கீழ்ப்பாக்கத்தில் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து
காதுகளை அளக்கிறேன்.
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்க.
கேட்காத சத்தத்துக்கும் சிலர் அமுக்குவார்கள்,
மரியாதைக்கு.
போன வாரம் வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் அவன் கோடு
கிணற்றில் விட்ட வாளிபோல் இறங்கியது.
எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறி வந்தது,
வெறும் வாளியாக.
என்ன வண்டி ஓட்டுறீங்க என்று கேட்டேன்.
சிரித்தபடி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான்.

விட்டம் ஒரு நூல் பொருந்தவில்லை.
காலர் போட்டு, கேஸ்கட் மாற்றி,
குட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு
ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான்.

பொய் சொல்ல மாட்டேன்.
விலா எலும்பு வரை இனித்தது.
ஒரு நிமிடம் நான் ஏலகிரியில் இல்லை,
ஏலகிரி என்னிடம் வந்திருந்தது.

எதிர் டீக்கடைப் பையன் ஏதோ சொன்னான்.
உதடு மட்டும் தெரிந்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
எதைக் கேட்டாலும் இத்ரீஸ்
இடது காதைத் திருப்பியே பதில் சொல்கிறான்.
வண்டியை அணைத்துவிட்டு,
அவனுடைய வலப்பக்கம் நின்று
மெல்ல விலை கேட்டேன்.
அவன் கேஸ்கட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“அத்த உள்ள போட்டுடு” என்றேன்,
இடப்பக்கம் வந்து.
“போட்டா ஒண்ணுமே தெரியாது மேடம்.”
“போடு.”
காலுக்கு வெப்பத் தகடும் கேட்டேன்.
அதற்குத் தனிக் காசு என்றான்.
அரைமணி நேரம் அந்தத் தகட்டுக்கே போனது.
பில்லின் பின்புறம்
வியாழன், ஒன்பது மணி, அறை எண் எழுதி
கிழித்துக் கொடுத்தேன்.
“எனக்கின்னா, நல்லா கேக்குதே” என்றான்.
சட்டைப்பைக்குள் வைத்தான், பீடிக்கட்டோடு.

அயனாவரம் வந்து ஹார்ன் அடித்தேன்.
ஜெசிந்தா இறங்கி வந்தாள்.
அவள் வலது ஆடுசதையில் இன்னும் இருக்கிறது
பழைய சைலன்சர் போட்ட ஐந்து ரூபாய் வட்டம்.
தகட்டை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்,
தோசைக்கல்லைத் தொடுவதுபோல,
ஏறி உட்கார்ந்தாள்.
பெரம்பூர் மேம்பாலம் வரை பேசிக்கொண்டே வந்தாள்,
வீட்டு ஓனர், மோட்டார், தண்ணி லாரி.
எல்லாம் கேட்டது.

“ஆமா, என்ன மாத்தின?
ஒண்ணுமே தெரியலையே.”

ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.