உள் தாழ்ப்பாள்

மனுவில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
சம்பூரணம் சொன்னதை அப்படியே எழுதினேன்:
பழைய பஸ் ஸ்டாண்டு, ஆற்காடு வண்டி நிற்கும் பக்கம்,
கடிகாரம் ஓடாத தூணுக்கு அடுத்த தூண்.
மாநகராட்சி அலுவலர் சிவப்பில் அடித்தார்.
பதினொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தவளைவிட
நிரந்தரமாக இந்த வேலூரில்
யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.
ஐந்து வருடத்தில் நான்கு வீடு மாறியவன் நான்.
கேட்கவில்லை. எனக்கு ஸ்டாம்ப் வேண்டியிருந்தது.

மே மாதம். சுற்றியிருக்கும் மலைகள்
ராத்திரியும் அடுப்புக் கல்லாய்ச் சுட்டன.
கஸ்பாவில் ஒன்று, கொசப்பேட்டையில் இரண்டு,
விருதம்பட்டில் ஆற்றைப் பார்த்த மாடி அறை
(ஆறு என்று மணலைத்தான் சொல்கிறோம்),
ஏழு அறை பார்த்தோம்.
எத்தனை பேர் என்றார்கள்.
ஒருத்தி என்றேன்.
ஒருத்தியா, என்று இழுத்தார்கள்.
"இன்னா ஆளுங்க நீங்க?"
ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்டார்,
மற்றவர்கள் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

அவள் கேட்டது எல்லா இடத்திலும் ஒன்றே.
ஜன்னல் கேட்கவில்லை, குழாய் கேட்கவில்லை.
"உள்ள தாப்பா கீதா?"

எட்டாவது, சைதாப்பேட்டையில்,
ஜபருல்லா பாய் வீட்டுப் பின்கட்டு.
முன்பு தோல் மூட்டை போட்டுவைத்த அறை.
மூட்டைக்கு எதற்கு உள் தாழ்ப்பாள்?
வெளியே மட்டும் ஒரு கொண்டி.
அட்வான்ஸ் எங்கள் நிதியிலிருந்து,
தாழ்ப்பாள் என் சட்டைப் பையிலிருந்து:
நூற்றுப்பத்து ரூபாய், நான்கு திருகாணி,
ஒன்று கோணலாகத்தான் இறங்கியது.
அன்று அவள் போட்டாள், எடுத்தாள்,
போட்டாள், எடுத்தாள்,
குடம் வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பதுபோல.

என் அறிக்கையில் 'முடிந்தது' என்று ஏறியது.

ஐந்தாம் மாதம் அறை பூட்டிக் கிடந்தது.
நேராகத் தூணுக்குப் போனேன்.
செருப்பைத் தலைக்கு வைத்து
பையின் வாரைக் கையில் சுற்றிப் படுத்திருந்தாள்.
"முந்நூறு கொறையுது சார்.
மழையில அட்டை நனைஞ்சிப் போச்சி, எவனும் எடுக்கல.
போன்னு அவங்க சொல்றதுக்கு முன்ன
நானே வண்ட்டேன்."
கட்டியவன் வீட்டில் ஒருமுறை, அண்ணன் வீட்டில் ஒருமுறை,
சொல்லும்வரை இருந்து பார்த்தவள்.

சாவியைத் திருப்பித் தந்திருக்கவில்லை.
புடவை முந்தியில் முடிந்திருந்தாள்.
முடிச்சை நான் பார்த்ததை
அவளும் பார்த்தாள்.

பாய் வீட்டம்மா நூருன்னிசா
வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.
"முந்நூறுக்காடி நாலு நாளா வீட்டை இருட்டுல போட்டே?
உள்ள எலி குட்டி போட்டா யாரு பாக்கறது?
அடுத்த மாசம் சேத்துக் குடு, போ."
வீட்டை என்றார். அறையை என்று சொல்லவில்லை.
திட்டு முடிய இருபது நிமிடம் ஆனது.
தலை குனிந்திருந்த சம்பூரணம்
உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

'முடிந்தது' என்பதை அடித்துவிட்டேன், சிவப்பில்.
மாதம் ஒருமுறை போகிறேன்.
கரண்ட் பில், ரேஷன் கார்டு, மூட்டுவலி மாத்திரை,
சில மாதம் சும்மா டீ.

நேற்று தட்டினேன்.
உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.
ரோந்துப் போலீஸ், கடைசி வண்டிக் கண்டக்டர்,
போதையில் தடுக்கி விழுந்தவன், கணக்கெடுக்க வந்த நான்,
அத்தனை பேரும் அவளை எழுப்பிக் கேட்ட சொல்
கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"யாரு?"

பெயரைச் சொன்னேன்.
"இரு சார், கை ஈரமா கீது."

வெயிலில் இருந்தேன்.